ஒரு பரிமாண சூப்பர்நோவா சிமுலேஷனில் அடர்த்தி ஊசி மாதிரி ஏறுகிறது, நம்பலாமா?

கிண்டி_எம்எஸ்சி: வெடித்த நட்சத்திரத்தின் சிதறல், அது சாவதற்கு முன் ஊதித் தள்ளிய வாயுவில் மோதுவதைக் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக புளூட்டோ என்ற வாயு ஓட்டக் கணிப்பு நிரலில் ஓட்டுகிறேன். ஒரே பரிமாணம், ரேடியேட்டிவ் கூலிங் (வாயு ஒளியாக வெப்பத்தை இழப்பது) உண்டு. மோதலில் முன்னும் பின்னும் கிளம்பும் இரண்டு அதிர்ச்சி அலைகளுக்கும் நடுவில் அடர்த்தி ஊசி மாதிரி எகிறுகிறது, கிரிட்டை (கணக்கிடும் கட்டங்களை) நுணுக்க நுணுக்க இன்னும் உயரமாகிறதே தவிர ஓரிடத்தில் நிற்கவில்லை. கைடு கன்வர்ஜென்ஸ், அதாவது விடை ஒரு மதிப்பில் நிலைப்பதைக் கேட்கிறார். இது இயற்பியலா, நிரல் கோளாறா? தெரிந்த அண்ணன், அக்காக்கள் சொல்லுங்கள்.

தரமணி_இரவு: இரண்டும் கலந்தது. முதலில் கூலிங்கை அணைத்து ஓட்டுங்கள். காமா (வாயுவின் வெப்ப எண் விகிதம்) 5/3 என்றால் அலைமுகப்பில் அடர்த்தி 4 மடங்கு தாவ வேண்டும். அப்புறம் இதே மோதலுக்கு வானியற்பியலாளர் ரோஜர் செவாலியர் 1982-இல் தந்த தீர்வோடு ஒப்பிடுங்கள்: சிதறலின் அடர்த்தி ஆரத்தின் -12 அடுக்காகவும் சுற்றியுள்ள காற்று (நட்சத்திரம் முன்பு ஊதிய வாயு) -2 அடுக்காகவும் குறைந்தால், அலையின் ஆரம் காலத்தின் 0.9 அடுக்காக வளரும். லாக்-லாக் வரைபடத்தில் அந்தச் சாய்வு வந்துவிட்டால் நிரலைச் சந்தேகப்பட வேண்டாம்.
கூலிங் வந்ததும் வெப்பம் ஒளியாக வெளியேறி, அழுத்தம் குறைந்து, அலைகளுக்கு நடுவில் உள்ள வாயு ஓடு நசுங்குகிறது. அது நிஜம். ஆனால் ஒரு பரிமாணத்தில் பொருளுக்குப் பக்கவாட்டில் போக வழியே இல்லை, அதனால் அங்கேயே குவிகிறது. 2டியில் ஓடு நெளிந்து, ரேலி-டெய்லர் நிலையின்மையால் (அடர்ந்த வாயுவும் லேசான வாயுவும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவுவது) விரல் விரலாகப் பிரிந்துவிடும்.

வேளச்சேரி_அக்கா: ஆமாம்ப்பா, உச்ச அடர்த்தியைக் கைடிடம் காட்டாதே, ஒளிர்வைக் காட்டு. காற்றின் நிறை இழப்பு வீதத்தை அதன் வேகத்தால் வகுத்து, அலை வேகத்தின் மூன்றாம் அடுக்கால் பெருக்கி, பாதி எடு. வருஷத்துக்கு 0.01 சூரிய நிறை, காற்று நொடிக்கு 100 கி.மீ., அலை 5000 கி.மீ. என்று போட்டால் கிட்டத்தட்ட 100 கோடி சூரியன்களின் ஒளிர்வு வரும். மோதலில் கிடைக்கிற ஆற்றலே இவ்வளவுதான், கிரிட்டை நுணுக்கினாலும் பெரிதாக மாறாது. 2டி ஓட்டுவதென்றால் கால்வட்டம் போதும், இந்த வெயிலில் லேப்டாப்பில் 3டி வேண்டவே வேண்டாம்.

அடையாறு_வானம்: இன்னொன்று, காற்று சீராக வீசியது என்று வைத்திருக்கிறீர்கள் போல. 2023 மே மாதம் எம்101 விண்மீன் மண்டலத்தில் வெடித்த 2023ஐஎக்ஸ்எஃப் சூப்பர்நோவாவில் குறுகிய நிறமாலைக் கோடுகள் சில நாட்களிலேயே மறைந்துவிட்டன, அடர்ந்த வாயு நட்சத்திரத்தை ஒட்டி மட்டும்தான் இருந்தது. 1987ஏ சூப்பர்நோவாவைச் சுற்றி வாயு வளையமே இருக்கிறது, கோளச் சமச்சீர் அங்கே செல்லாது. நீங்கள் எந்த சூப்பர்நோவாவுக்கு மாடல் போடுகிறீர்கள், வாயுவை எந்த ஆரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்?