ஹீமோபீலியா பையன், முட்டி வீங்கிடுச்சு, என்ன பண்ண?

தென்காசி அம்மா:
பையனுக்கு 6 வயசு, ஹீமோபீலியா ஏ (ரத்தம் சரியா உறையாத நோய்), சிவியர். நேத்து ஸ்கூல்ல பெஞ்சுல இடிச்சிருக்கான் போல, ராத்திரி முட்டி சூடா பந்து மாதிரி வீங்கிடுச்சு, பக்கத்து கிளினிக்ல வலிக்கு இடுப்புல ஊசி போடலாம்னாங்க, வேணாம்னு தூக்கிட்டு வந்துட்டேன். சரிதானா?

ரவி:
ரொம்ப சரிக்கா. சதையில ஊசி போட்டா அங்கயும் ரத்தம் கட்டிக்கும். புரூஃபென், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை பக்கமே போகாதீங்க. இப்பவே கிளம்பி மெடிக்கல் காலேஜ் ஜிஎச்ல ஃபேக்டர் 8 (அவன் ரத்தத்துல குறையற உறைய வைக்கிற புரதம்) நரம்பு வழியா போட்டுடுங்க, இலவசம்தான். போற வழியில துணி சுத்தி ஐஸ் வைங்க, நடக்க விடாதீங்க.

முட்டிவலி34:
எனக்கு சின்னதுல ஃபேக்டர் கிடைக்காம பிளாஸ்மா ஏத்தியே ஓட்டினாங்க, வலது முட்டி இன்னும் முழுசா மடங்காது, பஸ்ல ஏறும்போது இடது கால்தான் முதல்ல. வீங்கறதுக்கு முன்னாடியே உள்ள சுருசுருன்னு ஒண்ணு ஓடும்க்கா, பையன் அப்படி சொன்னா நம்பி உடனே கூட்டிட்டு போங்க.

தென்காசி அம்மா:
ஃபேக்டர் ஊசி போட்டாச்சு, வீக்கம் குறையுது. மாமியார்தான் உன் வழியா வந்துச்சுன்னு குத்திக்கிட்டே இருக்காங்க, எங்க வீட்ல யாருக்குமே இல்ல.

ரவி:
விடுங்கக்கா. மூணுல ஒருத்தருக்கு குடும்பத்துல இல்லாமலேதான் வருது. பொண்ணு இருந்தா அவளுக்கும் ஃபேக்டர் அளவு பாத்துடுங்க.