கோ-லீடர் பதவியை யாருக்குக் கொடுப்பது, எப்போது இறக்குவது?

ஏற்காடு_மூடுபனி

வணக்கம் மக்களே. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் ஆடுகிறவர்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். ஆனால் வேறு ஸ்ட்ரேட்டஜி கேமில் கூட்டம் சேர்த்து நடத்திப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லலாம்.

எங்கள் கிளானை (கேமில் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிற கூட்டம்) ஆரம்பித்தது சேலத்தில் ஒன்றாகப் படித்த பசங்கள். இப்போது பாதிப் பேர் டவுனில், நாலைந்து பேர் இங்கே மலை மேல், மிச்சப் பேர் பெங்களூர், திருப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கிறோம். லீடர் அண்ணன் துபாயில் இருக்கிறார். எப்போதாவது எட்டிப் பார்ப்பார், "எல்லோரும் நலமா" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார், கிரீடத்தை மட்டும் விட மாட்டார். போதாததற்குப் பழக்கத்துக்காக, பாசத்துக்காக, "நானும் பழைய ஆள்தானே" என்று கேட்டுவிட்டதற்காக என்று, லீடருக்கு அடுத்த படியான கோ-லீடர் பதவியை வாரிக் கொடுத்து வைத்திருக்கிறார். நானும் அப்படி வந்த ஒரு கோ-லீடர்தான்.

போன லீகில் (மாதா மாதம் ஏழு நாள் நடக்கிற கிளான் சண்டைப் போட்டி) ரெண்டு விஷயம் நடந்தது. ஏழு நாளும் முடிந்த கையோடு ஒரு கோ-லீடர் யாரையும் கேட்காமல் தன் மச்சானுக்கும், அந்த மச்சானின் இன்னொரு அக்கவுண்டுக்கும் லீக் முடிவில் சிலருக்கு மட்டும் கொடுக்கிற போனஸ் மெடலைக் கொடுத்துவிட்டார். ஒரு அட்டாக்கூட விடாமல் ஆடியவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்தது, நாகலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு நாள் அட்டாக் போடவில்லை. அன்றைக்கு மலையில் பேய் மழை, மரம் விழுந்து கரண்ட் போய், டவரும் படுத்துவிட்டது. கீழே டவுனில் இருக்கிற இன்னொரு கோ-லீடர் விடிவதற்குள் அவனைக் கிக் செய்து கிளானை விட்டே நீக்கிவிட்டார். மற்றவர்களுக்குத் துருப்புகளைக் கொடுக்கிற டொனேஷனில் எப்போதும் முதல் வரிசையில் இருந்த பையன் அவன்.

இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. ஓட்டெடுப்பு வைக்கலாம் என்கிறார் ஒருவர், மாதம் ஒருவர் என்று சுற்றில் விடலாம் என்கிறார் இன்னொருவர். உங்கள் பக்கம் இதையெல்லாம் எப்படி நடத்துகிறீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

தம்பி, ரெண்டையும் ஒரே பிரச்சினையாகப் போட்டுக் குழப்பாதீர்கள். போனஸ் சுலபம், கிக்தான் கஷ்டம்.

போனஸுக்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் லீகுக்குப் பெயர் கொடுக்கிற நாளிலேயே, அதாவது யாருக்கு எத்தனை ஸ்டார் வரப்போகிறது என்று ஒருவருக்கும் தெரியாதபோதே, விதியை எழுதிக் குரூப்பில் பின் செய்துவிடுவோம். பாதிப் போனஸ் அதிக ஸ்டார் எடுத்தவர்களுக்கு, மீதிப் பாதி வரிசைப்படி. வரிசை என்றால் ஏலம் இல்லாத சீட்டு மாதிரிதான், ஒருமுறை எடுத்தவர் மற்ற எல்லோரும் எடுத்து முடிக்கிறவரை கடைசியில் போய் உட்கார வேண்டும். எந்த லீகில் இருக்கிறீர்கள், எத்தனை நாள் ஜெயித்தீர்கள் என்பதைப் பொறுத்து போனஸின் எண்ணிக்கை மாறும் என்பதால் விதியில் எண்ணிக்கையை எழுத வேண்டாம், யாருக்குப் பிறகு யார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

ஒரு ஆளுக்கு எத்தனை அக்கவுண்ட் இருந்தாலும் வரிசையில் ஒரு பெயர்தான். இதைச் சொன்னதும் மினி அக்கவுண்ட் வைத்திருந்த ரெண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று விட்டோம். அப்புறம், அந்தப் பட்டியலை வைத்திருப்பவரும் மெடலைக் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. எங்களிடம் பட்டியல் கோ-லீடருக்குக் கீழ்ப் படியில் இருக்கிற ஒரு எல்டரிடம் இருக்கிறது. அவருக்கு மெடல் கொடுக்கும் பொத்தானே கிடையாது, அதனால் அவர் சொல்வதை எல்லோரும் நம்புகிறார்கள்.

பழைய_டிராவியன்

கொலுசு அண்ணன் சொன்ன கடைசி வரியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் ஹாஸ்டலில் நாங்கள் ஆடியது டிராவியன், 2004-இல் ஜெர்மனியில் ஆரம்பித்த பிரவுசர் கேம். ஒரு கூட்டணியில் அதிகபட்சம் 60 பேர். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அதிகாரங்கள் தனித்தனியாக டிக் அடித்துக் கொடுக்கிற மாதிரி இருக்கும். ஆள் சேர்ப்பது ஒரு உரிமை, ஆளை நீக்குவது ஒரு உரிமை, மற்ற கூட்டணிகளோடு உடன்படிக்கை செய்வது ஒரு உரிமை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவது ஒரு உரிமை. வாய்ச்சாமர்த்தியம் உள்ளவனிடம் ராஜதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, யாரையும் நீக்க முடியாதபடி வைத்துவிடலாம். கிளாஷில் அந்த வசதி இல்லை. லீடர், கோ-லீடர், எல்டர், மெம்பர் என்று நாலே படி, ஒவ்வொரு படியிலும் எல்லா அதிகாரமும் ஒரே மூட்டையாக வரும். வார் (இன்னொரு கிளானோடு சண்டை) ஆரம்பிக்க ஆள் வேண்டும் என்று ஒருவரைக் கோ-லீடர் ஆக்கினால், கிக் செய்கிற அதிகாரமும் கூடவே போய்விடுகிறது.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. கோ-லீடர் எல்டரையும் மெம்பரையும் நீக்கலாம், ஆனால் இன்னொரு கோ-லீடரை நீக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. அதனால் அந்தப் பதவி ஒரு கவசம். வேலை செய்ய ஆசைப்பட்டுக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் கேட்பது தன்னை யாரும் தூக்கக் கூடாது என்பதற்காக. கோ-லீடர் எண்ணிக்கை ஏற ஏற, கீழே இருக்கிற மெம்பருக்குப் பயம் ஏறுகிறது, அவனும் கேட்கிறான், அண்ணனும் பாவம் பார்த்துக் கொடுக்கிறார். உங்கள் கிளானில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். மழையில் மாட்டிய பையன் மட்டும் கோ-லீடராக இருந்திருந்தால் அவனை யாரும் தொட்டிருக்க முடியாது, இல்லையா?

பொத்தான் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஈவ் ஆன்லைனில் ஒரு கதை உண்டு. ஐஸ்லாந்துக் கம்பெனியின் விண்வெளி கேம், 2003-இல் வந்தது. அதில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற கூட்டணி பெரிய சாம்ராஜ்யமாக இருந்தது. எதிரிகளான கூன்ஸ்வார்மால் போரில் அதை அழிக்க முடியவில்லை. 2009 பிப்ரவரியில் அந்தக் கூட்டணியின் டைரக்டர் ஒருவரே கட்சி மாறினார். தனக்கு இருந்த அதிகாரத்தை வைத்து உறுப்பினர்களை வெளியேற்றிக் கூட்டணியையே கலைத்துவிட்டார், எதிரிகள் அந்தப் பெயரைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள். ஹேக்கிங் எதுவும் இல்லை, கேம் கொடுத்த பொத்தானை அமுக்கினார், அவ்வளவுதான்.

அதனால் என் யோசனை: ஓட்டெடுப்பு, சுழற்சி எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் கோ-லீடர்களை மூன்று பேராகக் குறையுங்கள். ஒருவர் டவுன், ஒருவர் மலை, ஒருவர் வெளிநாடு. பொறுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் பங்கு போடுங்கள், பொத்தானைப் பங்கு போடாதீர்கள்.

குகைப்புலி

டிராவியன் அண்ணா, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே சாம்ராஜ்யமும் இல்லை, கட்சி தாவுகிறவனும் இல்லை, ஒரு மச்சானும் ஒரு அவசரக்காரனும்தான் இருக்கிறார்கள் :)

வார் விஷயத்தில் ஓட்டெடுப்பு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எங்கள் கிளானில் ஒரு காலத்தில் யார் எந்த பேஸை (எதிரியின் ஊரை) அடிப்பது என்றுகூட ஓட்டு வைத்தோம். எதிரி ஆட்கள் தூங்கி எழுந்து காப்பி குடித்து எங்கள் மேப்பையே துடைத்து முடித்தபோதும் எங்கள் ஓட்டு எண்ணி முடியவில்லை. வாரில் தயாரிப்புக்கு ஒரு நாள், சண்டைக்கு ஒரு நாள் என்று கேமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. வாதம் எல்லாம் தயாரிப்பு நாளோடு முடிய வேண்டும். சண்டை நாளில் ஒரே ஆள் சொல்வார், மற்றவர்கள் அடிப்பார்கள், திட்டுவதாக இருந்தால் முடிந்த பிறகு திட்டலாம். முதல் அட்டாக் தன் மிரர் (எதிரி வரிசையில் தன் நம்பரிலேயே இருக்கிற ஆள்) மேல், ரெண்டாவது அட்டாக் அவர் சொல்கிற இடத்தில். அந்த ஆள் கோ-லீடராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, எங்கள் வார் காலர் ஒரு எல்டர், பன்னிரண்டாம் வகுப்புப் பையன், ஸ்டீல் பிளாண்டில் வேலை செய்கிற பெரியவர்கள்கூட அவன் பேச்சைத்தான் கேட்கிறார்கள்.

மழைக்கும் வழி இருக்கிறது. லீகில் ஆட்களை ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்ளலாம். மேகம் கட்டினால் மலைக்காரர்கள் முன்னாடியே குரூப்பில் சொல்லிவிட வேண்டும், அடுத்த நாள் வேறு ஆளை இறக்கிவிடலாம். சாதாரண வாருக்கு என்றால் சிவப்பு, அதாவது "நான் வரவில்லை" என்று வைத்துவிட்டால் போதும். சொல்லாமல் விட்டால் தப்பு, சொல்லிவிட்டு விட்டால் தப்பில்லை. கரண்ட் போன பிறகு எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் முதல் தடவைக்குக் கிக் கிடையாது, ஒரு லீக் வெளியே உட்கார வைப்பதோடு சரி.

அம்மாப்பேட்டை_தறி

எல்லோரும் வாட்ஸ்அப் குரூப், வாட்ஸ்அப் குரூப் என்கிறீர்கள். உங்கள் கிளானில் எத்தனை பேர் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? நான் இருக்கிற கிளானில் மூன்றில் ஒருவர் அதில் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொந்த நம்பர் இருக்காது. எனக்கு என் நம்பரை முகம் தெரியாத நாற்பது பேரிடம் கொடுக்க விருப்பமில்லை, என்னைப் போல இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள், கிளானில் நாங்கள் பெண்கள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. குரூப்பில் ஓட்டு வைத்து "பெரும்பான்மை முடிவு" என்று அறிவித்தால், அது உரக்கப் பேசுகிறவர்களின் முடிவு. விதி எதுவானாலும் கேமுக்குள் இருக்கிற கிளான் சாட்டில் போடுங்கள், இல்லையென்றால் டிஸ்கார்டுக்குப் போங்கள், அங்கே நம்பர் யாருக்கும் தெரியாது.

கிக் பற்றியும் ஒன்று. யார் யாரை நீக்கினார் என்பது கிளான் சாட்டிலேயே வந்துவிடும், ஒளிக்க முடியாது. எங்களிடம் நீக்கியவர் அன்றைக்கே காரணத்தை அங்கே ஒரு வரியில் எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் நீக்கப்பட்டவரைத் திரும்பக் கூப்பிடுவோம், விவாதமே கிடையாது. இது வந்த பிறகு ராத்திரி நேரத்துக் கிக்குகள் தானாகவே நின்றுவிட்டன, காரணம் எழுதச் சொன்னால் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது.

சுழற்சி வேண்டும் என்றால் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படியுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள் என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். அதைவிட எனக்குப் பிடித்தது, யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழு) இருந்தவர் நிற்க முடியாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. மச்சானுக்கு மெடல் கொடுத்தவர் கதையை ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

குகைப்புலி

அக்கா, கால் வேலி நிலம் இருந்தால்தான் குடத்தில் ஓலை போடலாம், முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவன் வரவே கூடாது என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. எங்கள் வார் காலர் ரெண்டிலும் ஃபெயில்!

அம்மாப்பேட்டை_தறி

அதை யார் எடுத்துக்கொள்ளச் சொன்னது? உறவினர் விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

ஏற்காடு_மூடுபனி

எல்லோருக்கும் நன்றி. போனஸ் வரிசையை இன்றைக்கே கிளான் சாட்டில் போட்டுவிட்டேன், யாரும் மறுக்கவில்லை, மெடல் கொடுத்த மனிதர் மட்டும் பதில் எழுதவில்லை. கிக்குக்குக் காரணம் எழுதும் விதியும் வந்துவிட்டது. ஆடிப் பண்டிகை வாரத்தில் வார் வேண்டாம் என்று டவுன்காரர்களே கேட்டார்கள், கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் எல்லோரும் அலைவார்கள், அதையும் சேர்த்துவிட்டோம். மலைக்காரர்களுக்குக் காப்பி எடுப்புக் காலத்தில் அதே சலுகை உண்டு.

மாட்டிக்கொண்டது டிராவியன் அண்ணன் சொன்ன இடத்தில்தான். கோ-லீடர்களை மூன்றாகக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரு கோ-லீடரை இறக்க லீடரால் மட்டும்தான் முடியும். அண்ணனிடம் கேட்டால் "எல்லோரும் நம்ம பசங்கதானே, யாரை இறக்கச் சொல்கிறாய்" என்கிறார். லீடர் 90 நாள் உள்ளே வராவிட்டால் கிரீடம் தானாக வேறு ஆளுக்குப் போகும் என்கிறார்கள், இவரோ அப்பப்போ வந்து தலைகாட்டிவிடுகிறாரே! நாங்கள் பத்துப் பதினைந்து பேர் தனியாகப் போய்ப் புதுக் கிளான் ஆரம்பிக்கலாமா என்றுகூடப் பேச்சு வருகிறது.

பழைய_டிராவியன்

பிரிவதற்கு முன் என்னென்ன போகும் என்று கணக்குப் போடுங்கள். புதுக் கிளான் லெவல் 1-இல் ஆரம்பிக்கும். டொனேஷன் துருப்புகளுக்குக் கிடைக்கிற கூடுதல் லெவல் போன்ற சலுகைகள் எல்லாம் கிளானுக்குச் சொந்தம், உங்களோடு வராது. கிளான் மொத்தமும் சேர்ந்து கட்டுகிற கேபிடலில் இத்தனை காலம் கொட்டிய தங்கமும் அங்கேயே நிற்கும். லீக் நிலையும் கிளானுடையது, நீங்கள் அடியிலிருந்து ஏற வேண்டும். அண்ணன் கிரீடத்தை விடாமல் இருக்கத் துணிவதும் இதனால்தான், போக மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் பேரத்துக்கு இது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிற துருப்புச் சீட்டு. பத்துப் பதினைந்து பேர் என்று பொதுவாகச் சொல்லாமல், போகிறவர்களின் பெயரோடு அண்ணனுக்குத் தனியாக எழுதுங்கள், குரூப்பில் வேண்டாம், அங்கே எழுதினால் அவரால் இறங்கி வர முடியாது. யாரை இறக்குவது என்ற சங்கடத்தையும் அவர் தலையில் வைக்காதீர்கள், "எல்லோரையும் எல்டர் ஆக்கிவிட்டு மூன்று பேரைத் திரும்ப ஏற்றுங்கள்" என்று கேளுங்கள், அப்போது யாரையும் தனியாக இறக்கியதாக ஆகாது.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு

அப்படியே பிரிவதாக இருந்தாலும் லீக் நடுவில் போய்விடாதீர்கள் தம்பி. ஒரு சீசனில் ஒருவர் ஒரு கிளானுக்குத்தான் லீகில் ஆட முடியும், பாதியில் போனால் அந்த மாதம் புதுக் கிளானில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஏழாவது நாள் முடிந்து மெடலைக் கையில் வாங்கிய பிறகு பாருங்கள்.