காலைப் பொங்கல் மாலையில் வெளியாவது ஏன்?

கேள்வி (அடுப்படி):
சமையல் வலைப்பூ தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. வெண்பொங்கல் குறிப்பைக் காலை 6 மணிக்கு வெளியாகும்படி குறித்து வைத்தேன். அது மாலை 6.30 மணிக்கே வெளியானது. மேலும், ஒவ்வொரு பதிவையும் நாற்பது முறை பார்த்திருப்பதாகக் கணக்குக் காட்டினாலும், ஒருவரும் கருத்து எழுதுவதில்லை. காரணம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (பழைய பதிவர்):
அமைப்புகளில் நேர மண்டலத்தைப் பாருங்கள், அம்மா. அது அமெரிக்காவின் பசிபிக் நேரமாக இருந்தால், அங்குக் கோடைக்காலத்தில் காலை 6 மணி என்பது நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் உங்கள் பொங்கல் இன்னும் ஒரு மணி நேரம் ஆறிப்போகும்.

மறுமொழி (கணக்குப்பிள்ளை):
அந்த நாற்பதில் எத்தனை முறை நீங்களே எழுத்துப்பிழை திருத்தவும், யாராவது வந்தார்களா என்று எட்டிப் பார்க்கவும் திறந்தீர்கள்? சொந்த வருகையைக் கணக்கில் சேர்க்காதிருக்கும் வசதி பல தளங்களில் உண்டு. நான் அதை இயக்கிய அன்று என் வாசகர் எண்ணிக்கை மூன்றானது. அவர்களில் ஒருவர் என் மைத்துனர்.

மறுமொழி (பழைய பதிவர்):
2004இல் தமிழ்மணம் என்னும் வலைப்பூத் திரட்டி வந்தபின், பலருடைய புதிய பதிவுகள் ஓரிடத்தில் தெரிந்ததால் முன்பின் அறியாதவர்களும் வந்து வாதிட்டார்கள். இப்போது மைத்துனரை நாமே அழைக்க வேண்டியிருக்கிறது.

கேட்டவர் (அடுப்படி):
நேரத்தை மாற்றிவிட்டேன், நன்றி. சொந்த வருகையை நீக்கியதும் நாற்பது இரண்டானது. முதல் கருத்தும் வந்துவிட்டது: கடன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.