வயலோர இலுப்பை மரம்: வெட்டலாமா, விட்டுவைக்கலாமா?

மேலக்காடு:
எங்கள் வயலோரம் தாத்தா காலத்து இலுப்பை மரம் ஒன்று நிற்கிறது. நிழல் விழுகிற பக்கம் நெல் சரியாகத் தூர் கட்டவில்லை, வெட்டி விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. ஆடியில் மரத்தடி முழுக்கக் கொட்டை கிடக்கும், பொறுக்க ஆளில்லை. எண்ணெய் ஆட்டினால் பிரயோஜனம் உண்டா? போன ஆடியில் எடுத்த கொட்டை ஒரு டப்பா இருக்கிறது, அதில் கன்று எடுக்கலாமா?

செக்கடி செல்வி:
வெட்டாதீங்க தம்பி. இன்னைக்குக் கன்னு வச்சா காய்ப்புக்கு வரவே பத்து வருஷம் போல ஆகும், அதுக்கு மேலயும் ஆகலாம். காய்ச்சிட்டிருக்கிற மரத்தை யாராவது விறகு விலைக்குத் தள்ளுவாங்களா?

எங்க அப்பா செக்கு ஓட்டினவர். இலுப்பக்கொட்டை வந்தா முதல்ல ஒண்ணை உடைச்சுப் பார்ப்பார். மேல் ஓடு பழுப்பா பளபளன்னு இருந்தா மட்டும் போதாது. உள்ள பருப்பு கெட்டியா, நகம் வச்சு அழுத்தினா எண்ணெய் கசியணும். கருத்தோ பூசணம் பிடிச்சோ இருந்தா தனியா ஒதுக்கிடுவார். மழையில நனைஞ்சு கிடந்த கொட்டையில எண்ணெயும் கம்மியாகும், காறலும் ஏறிடும். அதனால ஆனி, ஆடியில தினம் காலையில பொறுக்குங்க. ராத்திரி வௌவால் சதையைத் தின்னுட்டுக் கொட்டையைப் போட்டுட்டுப் போகும், பாதி வேலை அதுவே செஞ்சுடும். பக்கத்து மரத்தடியிலும் பாருங்க, பழத்தை அங்க தூக்கிட்டுப் போய்த் தின்னிருக்கும். ஓடு உடைச்சு, பருப்பை நல்லா காயவச்சு ஆட்டணும்.

கடலை, எள் ஆட்டுற செக்குல இதைப் போட ஒத்துக்க மாட்டாங்க, கசப்பு ஒட்டிக்கும். வேப்பங்கொட்டை ஆட்டுற இடமா விசாரிங்க. எண்ணெய் மஞ்சளா வரும், மார்கழிக் குளிர்ல நெய் மாதிரி உறையும். அது கலப்படம் இல்லை, அதோட குணமே அப்படித்தான். கோயில் விளக்குக்கும் சோப்புக்கும் இன்னைக்கும் வாங்குறாங்க.

நாற்றங்கால்:
அந்த டப்பாக் கொட்டை முளைக்காது, செக்குக்கும் காறல்தான். இலுப்பை விதைக்கு உயிர் சில வாரம்தான். பழம் விழுந்ததும் சதையைக் கழுவி, வெயிலில் காட்டாமல் அந்த வாரமே போடுங்கள். ஆணிவேர் சீக்கிரம் கீழே இறங்கும், ஆழமான பை வேண்டும்.

நிழலுக்கு மரத்தையே எடுக்க வேண்டாம். காய்ப்பு முடிந்ததும் வயல் பக்கத்துக் கீழ்க்கிளைகளை மட்டும் கழியுங்கள். பூ கிளை நுனியில்தான் கொத்தாக வரும், சுற்றிலும் மொட்டையடித்தால் அடுத்த வருஷம் கொட்டைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று: மரம் பட்டா நிலத்திலா, புறம்போக்கிலா? புறம்போக்கு என்றால் வெட்டும் உரிமையே உங்களுக்கு இல்லை. அண்ணனிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

மேலக்காடு:
பட்டாவில்தான் நிற்கிறது. கிளை கழிக்க அண்ணன் சம்மதித்துவிட்டார். செல்வி அக்கா, புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?

செக்கடி செல்வி:
வேண்டவே வேண்டாம். அதை ஊறவச்சுக் கலக்கிப் பாருங்க, நுரை பொங்கும். அந்த நுரைதான் தலை தேய்க்க உதவுது, அதேதான் மீனைக் கொல்லும். குளத்து மீனை மயக்கிப் பிடிக்க இதைத்தான் கரைப்பாங்க. அப்படியே மாட்டுக்கு வச்சா வயித்தைக் கெடுக்கும். தூளாக்கி வயலுக்கு எருவா போடுங்க. வாய்க்கால் தண்ணி பக்கத்துக் குட்டைக்குப் போகுதுன்னா, பாய்ச்சல் இல்லாத நாளாப் பார்த்துப் போடுங்க.