ஃபியட் 1100 கதவு பீடிங் செய்து தர சேலத்தில் ஆள் இருக்கிறார்களா?

வணக்கம். அப்பாவின் 1968 ஃபியட் 1100 டிலைட்டுக்கு எஞ்சின், பெயின்ட் எல்லாம் முடிந்துவிட்டது. வலது முன்கதவு பீடிங் (ரப்பர் இல்லை, கதவில் அலங்காரமாக ஓடும் பளபளப்பான உலோகப் பட்டை) மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கடைகளில் தருவது மெல்லிய அலுமினியம், விரலால் அழுத்தினாலே நெளிகிறது.

இடது கதவுப் பட்டை முழுசாக இருக்கிறது, மாதிரிக்குத் தருகிறேன். முனை வெட்டு மட்டும் எதிர்ப்பக்கம் வர வேண்டும். இரண்டு ஓரமும் உள்ளே மடிந்திருக்கும், அந்த மடிப்பில்தான் கிளிப் பிடிக்கிறது. மடிப்பு கொஞ்சம் அகன்றாலும் ஓட்டத்தில் கழன்றுவிடும். சாதா பெண்டிங் மெஷினில் இது வராது. டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) செய்து அதன் வழியே தகட்டை இழுக்க வேண்டும், இல்லையென்றால் கட்டையில் வைத்துப் பொறுமையாகத் தட்ட வேண்டும். 430 கிரேடு ஸ்டெயின்லெஸ் போதும், பாலிஷ் நன்றாக ஏறும். ஸ்டீல் பிளான்ட் உள்ள ஊரில் தகடுக்குப் பஞ்சமில்லை, கை வேலைக்குத்தான் ஆள் வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு டை வெட்டுகிறவர்கள் யாராவது இதைச் செய்வார்களா? அவர்கள் கை நுணுக்கத்தின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை.

அப்புறம், கதவுக் கைப்பிடி துத்தநாக வார்ப்பு, புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கிறது. முதலில் செம்பு ஏற்றித் தேய்த்து, பிறகு நிக்கல், குரோம் என்று முறையாகப் போடும் பிளேட்டிங் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.

இதே பீடிங் தேவைப்படுகிறவர்கள் இருந்தால் டை செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.