நிலக்கடலையின் நீர்த்திறனை அளக்க உதவி வேண்டும்

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் நிலக்கடலை போடுகிறோம். கண்மாயில் தண்ணீர் எப்போதும் இழுபறிதான். இந்தச் செம்மண்ணில் எந்த ரகம் குடித்த தண்ணீருக்கு ஏற்ற விளைச்சலைத் தருகிறது, அதாவது எதற்கு நீர்த்திறன் அதிகம் என்று நானே அளந்து பார்க்க ஆசைப்படுகிறேன். வாடாமல் நிற்கும் செடியெல்லாம் சிக்கனமான செடி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆழமாக வேர்விட்டு அதிகம் உறிஞ்சியும் அது பச்சையாக நிற்கலாம்.

தொட்டியில் வளர்த்து, மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் எடை பார்த்து, எடை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீர் ஊற்றப் போகிறேன். மூடிய தொட்டியில் குறைவது பெரும்பாலும் இலை வழியே போன நீர்தான். 1 கிலோ குறைந்தால் 1 லிட்டர். இறுதியில் செடியை வேரோடு உலர்த்தி, கூடிய உலர் எடையை மொத்த நீரால் வகுக்க வேண்டும்.

20 கிலோ தொட்டியில் 10 கிராம் வித்தியாசத்தைக் காட்டும் தராசு காரைக்குடியிலோ மதுரையிலோ வாடகைக்குக் கிடைக்குமா? வேரை அறுக்காமல் மண்ணைக் கழுவுவது எப்படி?

இன்னொன்று. நிலக்கடலையில் தடித்த இலையும் நல்ல நீர்த்திறனும் பெரும்பாலும் சேர்ந்தே வரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தடித்த இலையில் பச்சையமும் பெரும்பாலும் அடர்ந்திருக்கும் என்பதால், இலையின் பச்சையத்தை அளக்கும் கைக்கருவி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் இரவல் தந்தால் பேருதவி. நீர்த்திறனை இலையிலிருந்தே மதிப்பிட உதவும் கார்பன் 13 ஐசோடோப்பு (கார்பனின் சற்றுக் கனமான வகை) சோதனைக்கு உலர்ந்த இலைத்தூளை வெளியாரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ஆய்வகம் தெரிந்தாலும், கட்டண விவரத்தோடு சொல்லுங்கள். ஆடிப்பட்டத்துக்குள் தொட்டிகளைத் தயார் செய்ய வேண்டும்.