சொட்டுகிற பாத்ரூம் குழாய்: நீங்களே சரிசெய்த அனுபவம் உண்டா?

எங்கள் ஃப்ளாட் வேளச்சேரியில். பாத்ரூம் வால் மிக்ஸரை (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் சுவர்க் குழாய்) எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்கவில்லை. வந்து பார்த்த பிளம்பர், “மொத்தமா மாத்திடலாம் சார், டைல்ஸ் மட்டும் கொஞ்சம் உடைக்கணும்” என்றார். அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் வருஷத்துக்கு 11,000 லிட்டருக்கு மேல் போகும். கோடையில் லாரிக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பக்கம் கோளாறு என்று பார்க்க ஸ்பேனரே வேண்டாம். கீசர் சுவிட்சை அணைத்துவிட்டு, அதற்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மூடிப் பாருங்கள். சொட்டு நின்றால் வெந்நீர்ப் பக்கம். எங்களுக்கு நின்றது.

அப்புறம் மொட்டை மாடி வால்வை மூடினோம். கைப்பிடியில் இருக்கும் சிவப்புப் பொட்டைக் கத்தி முனையால் நெம்பினால் உள்ளே ஸ்க்ரூ. அதைக் கழற்றி, குரோம் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிண்டில், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் தண்டு. போர் தண்ணீர் உப்பு, மரையைச் சுற்றி வெள்ளையாகக் காரை கட்டியிருந்தது. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி ராத்திரி முழுக்க விட்ட பிறகுதான் அசைந்து கொடுத்தது.

கடைக்குப் பழைய ஸ்பிண்டிலைக் கையோடு கொண்டு போங்கள், போட்டோ போதாது. கால் சுற்றில் திறக்கும் வகை என்றால் வெந்நீருக்கு ஒன்று, பச்சைத் தண்ணீருக்கு ஒன்று. திறக்கும் திசையே வேறு. கைப்பிடி உட்காரும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணித்தான் கொடுத்தார். மாட்டும் வேலை பத்து நிமிஷம்கூட இல்லை.

* * *

நான் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். இங்கே குளியல் தொட்டிப் பைப்புக்கென்று தனி வால்வு பல வீடுகளில் இல்லை. பேஸ்மென்டில் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள மெயினைப் பூட்டி, கீழ்த்தளத்துப் பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விட வேண்டும்.

எங்களுடையது ஒற்றைக் கைப்பிடி, உள்ளே கார்ட்ரிட்ஜ், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் உருளை. அதைப் பிடித்திருப்பது லாடம் மாதிரி ஒரு சின்ன கிளிப். கை தவறினால் நேரே தொட்டியின் ஓட்டைக்குள்தான் போகும், அதனால் முதல் வேலையாக அங்கே ஒரு டவலைப் போடுங்கள். கிளிப்பை எடுத்தும் கார்ட்ரிட்ஜ் வராவிட்டால் குறடு போட்டு மல்லுக்கட்டாதீர்கள். இழுத்தெடுக்கவென்றே கருவி விற்கிறார்கள். புதியதன் ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் ஊதிப் போகும்.

இன்னொன்று. சில கார்ட்ரிட்ஜுகளைத் தலைகீழாகப் போட்டாலும் அழகாக உட்காரும், ஆனால் சூடும் குளிரும் இடம் மாறிவிடும். மச்சான் வீட்டில் அப்படித்தான் ஆனது. சின்னப் பிள்ளைகள் இருந்தால், தொட்டியில் இறக்க முன்னம் கையை வைத்துப் பாருங்கள்.

* * *

ஷவரை மூடியதும் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றால் அது ரிப்பேர் இல்லை. மேலே ஏறும் குழாயில் தங்கிய தண்ணீர், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இன்னும் பழைய பித்தளைக் குழாய். வாஷர் மாற்றியும் சொட்டினால், அது உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. அதைத் தேய்த்துச் சமமாக்கும் கருவி பிளம்பரிடம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் பேசாமல் குழாயையே மாற்றிவிடலாம்.